மர்சலின் போகாத வீடு

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த தரும ஆஸ்பத்திரியில் மர்சலின் பதினாறு வருஷமாக நர்ஸாக இருந்தாள். ஆஸ்பத்திரி என்று பலகையில் எழுதியிருந்ததே தவிர உள்ளே இருந்தது நாலு கட்டிலும் ஒரு மருந்து அலமாரியும்தான். டாக்டர் சுப்பராமன் காலையில் மூன்று மணி நேரம் வந்து போவார். ஆயா தேவானை உண்டு; பிரசவங்களுக்குக் கூடப் போய்ப் பழகியவள். மற்றபடி அது மர்சலினின் ஆஸ்பத்திரிதான். வீடுகளுக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பதும் அவள் வேலை. சாந்தோமிலிருந்து அடையாற்றுப் பாலம் வரை, கடலோரக் குப்பங்களிலும் ஆற்றோரக் குடிசைகளிலும், அவள் கையில் விழுந்து முதல் மூச்சு விட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று அவளுக்கே தெரியாது.

நாற்பத்திரண்டு வயது. ஒல்லியாக, உயரமாக இருப்பாள். கூட வருகிறவர்கள் ஓட வேண்டியிருக்கும், அப்படி ஒரு நடை. கணவர் விக்டர் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசி ஓய்ந்தே பல வருஷம் ஆகிவிட்டது.

1943-ம் வருஷம் புரட்டாசி முடிவதற்குள்ளேயே மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடாமல் கொட்டியது. உலகச் சண்டைக் காலம், குண்டு விமானத்துக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புக் காகிதமெல்லாம் ஈரத்தில் உரிந்து தொங்கியது. கூவமும் அடையாறும் சேர்ந்து பெருகின. வீடு போனவர்கள் ஆஸ்பத்திரி நடையிலும் படிகளிலும் வந்து உட்கார்ந்தார்கள். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தகரம் கிழித்த கால், நடுவில் இரண்டு பிரசவம். மர்சலின் இரண்டு நாள் வீட்டுக்கே போகவில்லை. மூன்றாம் நாள் பிற்பகலில், வெள்ளத்தால் அன்று முழுவதும் தங்கிவிட்ட டாக்டர்தான் அவளை விரட்டினார்.

"போய்ச் செத்த நேரம் படுத்துண்டு வா. நீயும் விழுந்துட்டா நான் யாரை வச்சுண்டு பார்ப்பேன்?"

முழங்கால் தண்ணீரில் நடந்து வீடு வந்து சேர்ந்தாள். ஈரப் புடவையை அவிழ்த்துவிட்டு, வீட்டில் உலர்ந்திருந்த ஒரே புடவையைக் கட்டிக்கொண்டாள். விக்டர் வைத்துக் கொடுத்த கஞ்சியில் பாதி குடித்திருப்பாள், வாசலில் குரல் கேட்டது.

"நர்ஸம்மா, நர்ஸம்மா."

தங்கவேல் நின்றான். கைரிக்‌ஷா இழுப்பவன். பாலத்துக்கு மேற்கே ஆற்றை ஒட்டிய குடிசைகளில் ஒன்றில் இருந்தான். தலையில் கோணியை மடித்துப் போட்டிருந்தான். அவன் வண்டி தெருத் தண்ணீரில் நின்றது.

"வேலம்மாவுக்கு நோவு எடுத்துருச்சும்மா. வண்டி கொண்டாந்துக்கீறேன். ஏறிக் குந்தினா இட்டுக்கினு போயிருவேன்."

"எப்ப ஆரம்பிச்சுது?"

"இப்பத்தான் சொல்லுச்சு. விட்டு விட்டு வருதாம்."

மர்சலின் தெருவைப் பார்த்தாள். தண்ணீர் காலையில் இருந்ததைவிட ஒரு படி ஏறியிருந்தது. கட்டியிருந்த உலர்ந்த புடவையின் கதகதப்பு உடம்பில் அப்போதுதான் உறைக்கத் தொடங்கியிருந்தது.

"இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு, நேரம் எடுக்கும். பக்கத்துப் பொம்பளைங்களைக் கூட இருக்கச் சொல்லு. காலையில ஆறு மணிக்கெல்லாம் வந்துடறேன்."

"தண்ணி ஏறிக்கினே போவுதும்மா."

"அதனாலதான் சொல்றேன். வெளிச்சம் வரட்டும், வந்துடறேன்."

அவன் வற்புறுத்தவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். மர்சலின் மீதிக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தாள். படுத்தவுடன் தூங்கிவிட்டாள்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் அடையாறு கரையை மீறியது. குடிசைகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். தங்கவேலின் மனைவி வேலம்மாவை நாலு பேர் கட்டிலோடு தூக்கிப் பாலத்துச் சாலைக்குக் கொண்டு வந்தார்கள். பூட்டிக் கிடந்த ஒரு பங்களாவின் வண்டிக் கொட்டகையில் அவளுக்குக் குழந்தை பிறந்தது. கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கூட இருந்த பெண்களுக்கு அதை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. பெண் குழந்தை. அழவே இல்லை.

நாலைந்து நாள் கழித்து, தண்ணீர் வடிந்த பிறகு, தங்கவேல் ஆஸ்பத்திரிக்கு வந்தான். வேலம்மாவுக்குக் காய்ச்சல் என்று மருந்து கேட்டான்.

"கொழந்த நிக்கலம்மா," என்றான். நடந்ததைச் சொன்னான். அவன் குரலில் குற்றம் சாட்டுவது போல எதுவும் இல்லை. மருந்துப் புட்டியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனான். அவன் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் மர்சலின் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

அவளுக்கு ஆறுதல் சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. "ஊரே முங்கிப் போச்சு. நீ ஒருத்தி என்ன பண்ணுவே? மனசைப் போட்டு உழப்பிண்டிருக்காதே," என்றார் டாக்டர். "நீ போயிருந்தா நீயும்தான் ஆத்தோட போயிருப்பே," என்றார் விக்டர். கோயிலில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். மரக் கூண்டின் மறுபக்கத்திலிருந்து சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில் உன் மேல் பாவமில்லை மகளே, அந்தக் குழந்தைக்காகச் செபம் செய்," என்றார். கோயிலை விட்டு வெளியே வந்தபோது மர்சலினுக்குக் கோபம்தான் வந்தது. எல்லோரும் அவளிடமிருந்து எதையோ பிடுங்கித் தூர எறியப் பார்த்தார்கள். அது போகாது என்று அவளுக்குத் தெரியும்.

ஏனென்றால் அவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது வேலம்மாவுக்கு மூன்றாவது பிரசவம். முதல் இரண்டையும் பார்த்தவளே மர்சலின்தான். இரண்டாவது எவ்வளவு வேகமாக ஆனது என்பதும் நினைவிருந்தது. மூன்றாவதற்கு இரவு முழுதும் ஆகாது என்பது ஒரு நர்ஸுக்குத் தெரியாதா? தங்கவேலிடம் அவள் சொன்னது தலைப்பிரசவத்துக்குச் சொல்லும் வார்த்தை. வாசலில் நின்று அதைச் சொன்னபோதே தெரிந்துதான் சொன்னாள். கொடி சுற்றிய பிள்ளைகளை அவள் விரலை விட்டு எடுத்துக் காப்பாற்றியிருக்கிறாள், எத்தனையோ தடவை.

அந்த நினைவு வரும்போதெல்லாம் நெஞ்சுக் குழிக்குள் ஒரு கை புகுந்து பிடிப்பது போல இருக்கும். கூடவே ஒரு குரல். 'புடவை நனையுமேன்னு ஒரு பிள்ளையைக் கொன்னவ நீ.' அது வந்த உடனே மர்சலின் எழுந்து ஏதாவது வேலையைப் பிடித்துக்கொள்வாள். கொதிக்க வைத்த கத்தரிக்கோல்களை மறுபடி கொதிக்க வைப்பாள். மடித்த துணியைப் பிரித்து மடிப்பாள். யார் எப்போது கூப்பிட்டாலும் போனாள். சளி பிடித்த குழந்தைக்குக்கூட வீடு தேடிப் போனாள். பாலத்துப் பக்கத்திலிருந்து ஆள் வந்தால் மட்டும், தனக்கு வேறு வேலை இருக்கிறது என்று தேவானையை அனுப்பினாள்.

உடம்பு இளைத்தது, வாய் நீண்டது. ஒரு நாள் தேவானை மருந்துத் தட்டைக் கீழே போட்டுவிட்டாள். அதற்காக நோயாளிகள் முன்னாலேயே அவளை மர்சலின் பேசிய பேச்சில் தேவானை இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "எனக்கு இந்த வேலை வேணும்மா, அதான் வந்தேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். மர்சலின் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். முடியவில்லை. அதையும் சேர்த்து அந்தக் குரல் அவளை அன்று முழுவதும் திட்டியது.

கிறிஸ்துமஸ் போயிற்று. விக்டர் புதுப்புடவை எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கட்டவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் காலை, சாந்தோமை அடுத்த குயில் தோட்டத்தில் ஜோன் என்ற பெண்ணுக்குப் பிரசவம். பத்தொன்பது வயது, தலைப்பிரசவம். புருஷன் பட்டாளத்தில் எங்கோ இருந்தான்; நாலு மாதமாகக் கடிதம் இல்லை. மாமியார் வாசலில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். வலி ஏறும்போதெல்லாம் ஜோன் பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பை விறைத்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினாள்.

"அதோட மல்லுக்கு நிக்காதே," என்றாள் மர்சலின். பதினாறு வருஷமாக எல்லாப் பெண்களிடமும் சொல்லும் வார்த்தைதான். "வர்றப்ப வரட்டும். மூச்சை விடு. எங்க வலிக்குது, சொல்லு."

"இடுப்புல."

"எப்படி? இழுக்குதா, குத்துதா?"

"இழுக்குது."

"இழுக்கட்டும். ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கிடும். இறங்கினதும் சொல்லு."

இறங்கியது. ஜோன் சொன்னாள். மறுபடி ஏறியது. பகல் பதினொரு மணி வாக்கில் பெண் களைத்துவிட்டாள். திடீரென்று தன் தொடையிலேயே படார் படார் என்று அடித்துக்கொண்டு, "நான் எதுக்கும் உதவாதவ, இது கூட எனக்கு முடியல, சனியன், சனியன்," என்று அழுதாள்.

மர்சலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னை நீயே அடிச்சா வலி குறையுமா, கண்ணு? ஏற்கெனவே வலிக்கிற உடம்பு. அதைப் போய் யாராவது அடிப்பாங்களா? ராத்திரியெல்லாம் தூங்கல நீ, களைச்சுப் போயிருக்கே. அவ்வளவுதான். கையை எங்கிட்ட குடு."

பன்னிரண்டு மணிக்குக் குழந்தை பிறந்தது. ஆண். தாராளமாக அழுதது. குளிப்பாட்டித் துணியில் சுற்றி மாமியார் கையில் கொடுத்துவிட்டு, மர்சலின் பின்கட்டுக்குக் கை கழுவப் போனாள். தண்ணீரை மொண்டு ஊற்றும்போது அந்தக் கை வந்து நெஞ்சுக் குழியைப் பிடித்தது. ஒவ்வொரு நல்ல பிரசவத்துக்குப் பிறகும் அது தவறாமல் வரும். குரலும் வந்தது.

வழக்கம் போல அவள் உள்ளே ஓடித் துணிகளை அள்ளியிருப்பாள். ஆனால் சற்று முன் ஜோனிடம் சொன்ன வார்த்தைகள் இன்னும் வாயிலேயே இருந்தன. செம்பைக் கீழே வைத்தாள். துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்தாள். ஈரக் கை மடியில் கிடந்தது.

எங்கே வலிக்கிறது?

நெஞ்செலும்புக்குக் கீழே. எப்படி? பிடித்து முறுக்குவது போல. தொண்டை வரை ஏறுகிறது. காது சுடுகிறது.

ஓடாமல் இருந்தாள். அது ஏறியது. இன்னும் கொஞ்சம் ஏறியது. தாங்க முடியாது என்று தோன்றிய இடத்தில் மூச்சை விட்டாள். சற்று நின்றது. பிறகு, வலி இறங்குவது போலவே, மெல்ல இறங்கத் தொடங்கியது. அது இறங்கும் என்பது இந்த ஐந்து மாதத்தில் அவளுக்குத் தெரியவே தெரியாது. ஒரு தடவையாவது கடைசி வரை அதோடு இருந்து பார்த்திருந்தால்தானே தெரியும்?

இறங்கிய பிறகு அந்த மழை நாள் கண் முன் வந்தது. இந்தத் தடவை வாசலில் நிற்கிற தங்கவேலை மட்டுமல்லாமல் தன்னையும் பார்த்தாள். கையில் கஞ்சிக் கிண்ணம், ஊறி வெளுத்த கால்கள், இரண்டு நாள் தூங்காத கண்கள். அந்த நிலையில் ஒரு பெண் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் மர்சலின் அவளை முதலில் உட்கார வைத்திருப்பாள். பயந்தும் போயிருந்தாள் அவள். தண்ணீரைக் கண்டு பயம். அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுத்தான், 'நேரம் எடுக்கும்' என்று நர்ஸ் குரலில் பேசினாள்.

ஆனாலும் போயிருக்க வேண்டும். அதுவும் உண்மைதான். இரண்டும் அருகருகே இருந்தன. ஒன்று மற்றொன்றைத் துடைத்துவிடவில்லை. மர்சலின் அந்தக் கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அவள் அந்தக் குழந்தைக்காகவே அழுதது அன்றுதான். அதுவரை அழுததெல்லாம் பயத்தில்.

உள்ளேயிருந்து ஜோனின் மாமியார் எட்டிப் பார்த்து, "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றாள்.

"கொஞ்சம் முடியலைதான். இதோ வர்றேன்," என்றாள் மர்சலின். இப்படி ஒரு பதிலை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாளே மயிலாப்பூர் குளத்தங்கரையில் கீரை வாங்கிக்கொண்டிருக்கும்போது மறுபடி வந்தது. கீரைக்காரி முன்னால் உட்கார்ந்து அழ முடியுமா? கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வந்திருக்கிறாயா, சரி, ஏறிவிட்டுப் போ என்று மனசுக்குள் சொன்னாள். சில நாள் அது கேட்டது. சில நாள் கேட்கவில்லை. அன்றெல்லாம் கத்தரிகளை இரண்டு தரம் கொதிக்க வைத்தாள். ஆனால் 'கொன்னவ' என்ற வார்த்தை வரும்போது, ஜோனின் கையைப் பிடித்தது போல அதைப் பிடித்து நிறுத்தப் பழகினாள். அடிக்காதே. ஏற்கெனவே வலிக்கிற இடம்.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் தேவானையைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அன்னைக்கு உன்னை அத்தனை பேர் முன்னால அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் மேல இருந்த கோபம், உன் மேல கொட்டிட்டேன்."

தேவானை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அது தெரியும்மா எனக்கு. ஆனா சொல்லிட்டீங்க பாருங்க, அது வேற," என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் மர்சலின் பாலத்துப் பக்கம் போனாள்.

குடிசைகளைப் பழைய இடத்திலேயே மறுபடி கட்டியிருந்தார்கள். வேறு இடம் எங்கே இருக்கிறது? புது ஓலை வெயிலில் மினுமினுத்தது. வேலம்மா ஆற்றுச் சரிவில் உட்கார்ந்து வறட்டி தட்டிக்கொண்டிருந்தாள். முப்பதை எட்டாதவள், முகம் மட்டும் நாற்பதாகியிருந்தது. பெரிய பிள்ளைகள் இரண்டும் கொஞ்சம் தள்ளி மண்ணில் விளையாடின. நர்ஸைப் பார்த்ததும் வேலம்மா எழுந்திருக்கவில்லை.

"இன்னாம்மா இந்தப் பக்கம்? யாருக்கு நோவு?"

"யாருக்கும் இல்ல. உன்னைத்தான் பார்க்க வந்தேன்."

வேலம்மா ஒரு வறட்டியைத் தட்டி முடித்தாள். மர்சலின் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நெஞ்சில் அந்தப் பிடி வந்தது. வரட்டும் என்று விட்டாள். பிறகு சொன்னாள்.

"அன்னைக்கு உன் வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டப்ப நேரம் எடுக்கும்னு சொல்லி அனுப்பினேன். உனக்கு மூணாவது, சீக்கிரம் ஆயிடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். களைப்பா இருந்துச்சு. தண்ணியைப் பார்த்துப் பயமா இருந்துச்சு. நான் வந்திருக்கணும் வேலம்மா."

வேலம்மா கையில் இருந்த சாணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் ஒரு படகு போயிற்று. அது பாலத்தடியில் மறைந்ததும் கேட்டாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லுவேன்னு வந்தியா?"

"இல்ல. நீ சொல்ல வேண்டாம்."

"சொல்ல மாட்டேன்."

"சரி."

"உன்னய எவ்ளோ திட்டினேன் தெரியுமா? தெனம் திட்டுவேன். வறட்டி தட்டறப்போ, தண்ணி மொள்றப்போ, உன்னயத் திட்டிக்கினே கெடப்பேன்." கையைத் தேய்த்துத் தேய்த்துச் சாணியை உதிர்த்தாள். "அப்பால ஒரு நாளு திட்டு தீந்துபோச்சு. அது இன்னும் மோசம்."

"ஏன்?"

வேலம்மா பிள்ளைகள் இருந்த பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மத்தியானமே நோவு எடுத்துருச்சும்மா. அவரு சவாரி இல்லாம வந்து குந்திக்கினு இருந்தாரு. காலைலேருந்து ரெண்டு பேருக்கும் சண்ட. அந்தாளாண்ட போய்ச் சொல்றதான்னு வீம்பு எனக்கு. பல்லக் கடிச்சுக்கினு இருந்துட்டேன். அப்பவே சொல்லிருந்தா நீ ஆஸ்பத்திரிலயே இருந்திருப்ப. என்னயே இட்டுக்கினு வந்திருப்பாரு. இத அவரு கிட்ட நான் இன்னிக்கி வரிக்கும் சொல்லல."

அதைக் கேட்டதும் மர்சலினுக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. மத்தியானமே ஆரம்பித்ததா, அப்படியானால் எல்லாம் என்னால் இல்லை என்று மனசு தாவியது. அடுத்த நொடியே அதற்காக வெட்கம் வந்தது. இரண்டையும் வந்த வழியே போகவிட்டாள். இப்போது பேச்சு தன்னைப் பற்றியது இல்லை.

'உன் மேல் தப்பில்லை' என்று சொல்ல வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அந்த வார்த்தையைத் தனக்கு எத்தனை பேர் சொன்னார்கள், அது எங்கே போய் விழுந்தது என்பது அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை.

"அது வர்றப்ப எங்க வலிக்குது உனக்கு?" என்று கேட்டாள்.

வேலம்மா அவளை விநோதமாகப் பார்த்தாள். "இன்னா கேள்வி இது?"

"எனக்கு இங்க வலிக்கும்." மர்சலின் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். "முறுக்கிப் பிடிக்கும். உனக்கு எங்க?"

வேலம்மாவின் கை தானாகவே கழுத்துக்குப் போயிற்று. "இங்க. சோறு எறங்காது. கல்லு மாதிரி."

"இப்ப இருக்கா?"

"கீது."

"இருக்கட்டும். முழுங்கப் பார்க்காதே. நான் இங்கதான் இருக்கேன். உனக்கு வலி எடுத்தப்பல்லாம் என்ன சொல்லுவேன்?"

"வரட்டும்னுவ. மூச்ச வுடுன்னுவ."

"அதேதான்."

இருவரும் ஆற்றுச் சரிவில் உட்கார்ந்திருந்தார்கள். வேலம்மாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. சத்தமில்லாமல் வெகு நேரம் அழுதாள். மர்சலின் தொடவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. சின்னவன் ஓடி வந்து அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டு நின்றான். கடைசியில் வேலம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அவரு கிட்டச் சொல்லணும்," என்றாள்.

"சொல்லலாம். இன்னைக்கேன்னு இல்ல."

"ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க இதெல்லாம்?"

மர்சலின் யோசித்தாள். "நான்தான் உங்களுக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். எனக்குச் சொல்லிக்கத் தெரியல."

வேலம்மா எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தாள். பேச்சை மாற்றினாள். பக்கத்துக் குடிசைப் பெண்ணுக்கு ஆறு மாதம், கால் வீங்கியிருக்கிறது. கோடி வீட்டில் இன்னொருத்திக்கு எப்போது நாள் என்றே தெரியவில்லை. "வந்ததுதான் வந்த, அதுங்களப் பாத்துட்டுப் போ," என்றாள். அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாள். ஆனால் தன் குடிசைக்குள் வா என்று அன்று கூப்பிடவில்லை.

அதன் பிறகு வியாழக்கிழமைதோறும் மர்சலின் அங்கே போனாள். வேலம்மா முன்னால் நடந்து, எந்தக் குடிசையில் யார் என்று காட்டுவாள். இரண்டு பேரும் சிநேகிதிகளாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சில வியாழக்கிழமைகளில் வேலம்மா முகம் கொடுத்தே பேச மாட்டாள். அன்று மர்சலினுக்குப் பிடி வலுவாக வரும். வேலையைப் பார்த்துக்கொண்டே அதையும் பார்த்துக்கொள்வாள். வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, தங்கவேலிடம் சொல்லிவிட்டதாக வேலம்மா சொன்னாள். என்ன சொன்னார் என்று மர்சலின் கேட்டாள். "ஒண்ணும் சொல்லல. வெளிய போயி வண்டி மேல குந்திக்கினாரு. அப்பால உள்ள வந்து, நானும்தானம்மே சண்ட போட்டேன், அப்டின்னாரு."

ஆடி மாதம் மர்சலினுக்கு மலேரியா வந்தது. நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் படுத்திருந்த அன்று பட்டினப்பாக்கத்திலிருந்து ஒருவன் வந்து பிரசவத்துக்குக் கூப்பிட்டான். எழுந்து உட்கார்ந்தாள். தலை சுற்றியது. விக்டர் பக்கத்தில் இருந்தார்.

"என்னால வர முடியாது," என்றாள் வந்தவனிடம். "எனக்குக் காய்ச்சல். தேவானையைக் கூட்டிட்டுப் போ. இவர் டாக்டர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வருவார். நேரம் கடத்தாதே, இப்பவே போ."

விக்டர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் படுத்தாள். பிடி வந்தது, குரல் வந்தது, பயம் வந்தது. எல்லாம் இருந்தன. போர்வைக்குள் தன் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, நோயாளியிடம் சொல்வது போல, "படுத்துக்கோம்மா," என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அந்தப் பிரசவம் நல்லபடி ஆயிற்று என்று மாலையில் தேவானை வந்து சொன்னாள்.

புரட்டாசி பிறந்ததும் விக்டர் தலைமையாசிரியரிடம் பேசி, மழை வலுத்தால் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையைத் தர ஏற்பாடு செய்தார். நாள் நெருங்கிய பெண்களைத் தண்ணீர் ஏறுவதற்கு முன்பே அங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது மர்சலினின் யோசனை. புருஷன்மார்கள் லேசில் சம்மதிக்கவில்லை. அவர்களை வேலம்மாதான் வழிக்குக் கொண்டுவந்தாள். "போன வருசம் என்னயத் தூக்கினவங்கதானே நீங்க," என்று ஒரே வார்த்தை கேட்டாள்.

ஐப்பசியில் மழை இரண்டு நாள் பலமாகப் பிடித்தபோது, தங்கவேலின் வண்டியில் மூன்று பெண்கள் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தார்கள். ஆறு அந்த வருஷம் கரையைத் தாண்டவில்லை. இருந்தாலும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்திருந்தது. மூவரில் ஒருத்திக்குக் காலை ஒன்பது மணிக்கு வலி எடுத்தது. விட்டு விட்டுத்தான் வந்தது, நேரம் இருந்தது. மர்சலினும் வேலம்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வெளியே சீராக மழை பெய்துகொண்டிருந்தது.

"அதுக்கு நான் பேரு வெச்சிருந்தேன்," என்றாள் வேலம்மா, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. "வயித்துல இருக்கறப்பவே. பொண்ணுன்னு தெரியும் எனக்கு. அவரு கிட்டக்கூட சொல்லல."

மர்சலின் அவள் பக்கம் திரும்பினாள்.

"ரத்னா."

"ரத்னா," என்று மர்சலின் ஒரு முறை சொன்னாள்.

வேலம்மா தலையை ஆட்டினாள். பாயில் படுத்திருந்த பெண் முனகிக்கொண்டே யாரையாவது வரச் சொல்லிக் கையை நீட்டினாள். வேலம்மா முதலில் எழுந்து போய் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"எங்க நோவுது, சொல்லு," என்றாள்.